அடுப்புக்கு நாடி பார்ப்போம்

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

விறகடுப்பு சரியாக எரியவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? குனிந்து அடுப்பின் வாயைப் பார்க்கிறோம். ஊதுகுழலை எடுக்கிறோம். விறகை உள்ளே தள்ளுகிறோம், வெளியே இழுக்கிறோம். தலையை நிமிர்த்திப் புகைபோக்கியைப் பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் வியப்பு. புகை வெளியே போகும் வழி என்பதற்கு மேல் அதற்கு நம் வீடுகளில் மதிப்பில்லை. ஆயினும் அடுப்பின் நலத்தை உள்ளபடி சொல்லக்கூடியது புகைபோக்கியின் சூடுதான் என்பது என் கருத்து. அந்தச் சூட்டை அறிய ஒரு வழி செய்து தராமல், புகையில்லா அடுப்பு, மேம்படுத்தப்பட்ட அடுப்பு என்று எத்தனை கோடி கட்டிக் கொடுத்தாலும் அவை நெடுநாள் உழைக்கப் போவதில்லை என்பதையும் இங்கே துணிந்து சொல்ல விரும்புகிறேன்.

"எரிவாயு வந்த பிறகு விறகடுப்பைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் கீழ் 2019க்குள் 8 கோடி இணைப்புகள் கொடுக்கப்பட்டன. ஆனால் உருளை வந்த வீடுகளில் எல்லாம் விறகு வெளியேறிவிட்டதா? காப்பிக்கும் குழம்புக்கும் எரிவாயு. குளிக்க வெந்நீருக்கும், நெல் அவிக்கவும், மாட்டுக்குத் தீனி காய்ச்சவும் விறகு என்ற ஏற்பாடு நம் ஊர்ப்பக்கத்து மாணவர் அனைவரும் அறிந்ததே. கலியாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஊருக்கு வெளியே உள்ள விடுதிகளின் சமையற்கூடங்களுக்குப் போய்ப் பாருங்கள். விறகு இன்னும் நம்மோடுதான் இருக்கிறது.

குளிர்நாடுகளில் விறகடுப்பு என்பது சமையலுக்கு அன்று, அறையைச் சூடாக்குவதற்கு. வார்ப்பிரும்பாலோ எஃகுத் தகட்டாலோ ஆன மூடிய பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு. காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தகடு. மேலே கூரை வரை ஓர் இரும்புக் குழாய். அந்தக் குழாயின் மேல், அடுப்பிலிருந்து முக்கால் கசம் உயரம் தாண்டாமல், உள்ளங்கையில் அடங்கும் வட்டத்தட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதைப் பல வீடுகளில் காணலாம். பின்புறம் காந்தம். உள்ளே சுருளாக முறுக்கிய ஈருலோகப் பட்டை. நம் மின்சார இஸ்திரிப் பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்துவதும் இதே ஈருலோகப் பட்டைதான். முதலாண்டுப் பாடத்தில் படித்ததை மறந்தவர்கள் நினைவுபடுத்திக் கொள்ளலாம். தட்டில் மூன்று வண்ணப் பகுதிகள் உண்டு. ஏறத்தாழ 115 டிகிரி செல்சியசுக்குக் கீழே முள் நின்றால் புகைபோக்கியில் தார் படிகிறது என்று பொருள். 115க்கும் 245க்கும் இடையில் நின்றால் நலம். அதற்கு மேல் ஏறினால் காற்றைக் குறை என்ற எச்சரிக்கை. இவையெல்லாம் குழாயின் வெளிப்புறத்துச் சூடு. உள்ளே ஓடும் புகை ஏறத்தாழ இரு மடங்கு சூட்டில் இருக்கும். இரட்டைச் சுவர்க் குழாயாக இருந்தால் வெளியே ஒட்டிப் பயனில்லை. துளையிட்டு உள்ளே கம்பியை நுழைத்துத்தான் அளக்க வேண்டும்.

வீட்டுக்காரர் விறகு போடும்போதெல்லாம் இந்த முள்ளை ஒரு பார்வை பார்க்கிறார். நார்வே நாட்டு மக்களுக்கு விறகின் மேல் உள்ள பற்று சொல்லி முடியாது. 2013 பிப்ரவரியில் அந்நாட்டுப் பொதுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணி நேரம் ஒளிபரப்பியது. விறகை அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று நேயர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டார்களாம்! நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் விறகை மதிக்கிற நாட்டில்தான் அடுப்பையும் மதிப்பார்கள். அங்கே விற்கும் புதிய அடுப்பு ஒரு கிலோ விறகுக்கு 10 கிராமுக்கு மேல் நுண்துகள் விடக்கூடாது என்று 1998இலேயே வரம்பு கட்டினார்கள்.

இனி, புகைபோக்கி எப்படிப் புகையை இழுக்கிறது என்று பார்ப்போம். சூடான காற்று இலேசானது, வெளிக்காற்று கனமானது. இந்த எடை வேற்றுமைதான் புகையை மேலே தள்ளுகிறது. வேறு மந்திரம் ஒன்றுமில்லை. வெளியே பூச்சியத்துக்குக் கீழ் 10 டிகிரி, குழாயின் உயரம் 5 மீட்டர், உள்ளே புகையின் சராசரிச் சூடு 150 டிகிரி என்று வைத்துக் கணக்கிட்டால் இழுப்பு ஏறத்தாழ 25 பாஸ்கல் வருகிறது. நீர்மட்டத்தில் சொன்னால் இரண்டரை மில்லிமீட்டர். இப்போது நம் ஊருக்கு வாருங்கள். வெளியே 35 டிகிரி வெயில். ஓட்டுக் கூரைக்கு மேல் எட்டிப் பார்க்கும் 2 மீட்டர்க் குழாய். ஈர விறகு, புகையின் சூடு 60 டிகிரி. இழுப்பு எவ்வளவு? ஒன்றே முக்கால் பாஸ்கலுக்கும் சற்றுக் குறைவு! முன்னதில் பதினைந்தில் ஒரு பங்கு. ஒரு சன்னல் காற்று அடித்தால் புகை திரும்பி வந்துவிடும். அதே குழாயில் புகையின் சூட்டை 100 டிகிரிக்கு உயர்த்தினால் இழுப்பு 4 பாஸ்கலை நெருங்குகிறது. இரு மடங்குக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. குளிர்நாட்டானுக்கு வெளியே இருக்கும் குளிரே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. வெப்ப நாட்டில் வாழும் நமக்கு அந்த உதவி இல்லை. ஆகவே புகைபோக்கியின் சூட்டைக் கவனிக்கும் தேவை அவர்களைவிட நமக்கே மிகுதி. நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது.

"சூடு புகைபோக்கி வழியே போனால் வீண்தானே, அதையும் பிடித்துக்கொண்டால் என்ன?" என்று தோன்றும். மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கே அப்படித் தோன்றிற்று. 1744இல் அவர் வெளியிட்ட சிறு நூலில் தாம் அமைத்த பென்சில்வேனியா அடுப்பை விளக்குகிறார். புகையை நேரே மேலே விடாமல், ஒரு காற்றுப் பெட்டியின் பின்னால் கீழ்நோக்கி இறக்கி, தரைக்கடியில் கொண்டுபோய்ப் பிறகு புகைபோக்கியில் சேர்த்தார். சூடெல்லாம் அறைக்கு வந்துவிட்டது. ஆனால் குளிர்ந்துபோன புகைக்கு மேலே ஏற வலுவில்லை. நன்றாக எரிந்தால் இழுக்கும், சற்றுத் தணிந்தால் அறைக்குள்ளே கக்கும். பின்னால் வந்தவர்கள் அந்தக் கீழ்வழியை நீக்கிவிட்டு மற்றதை வைத்துக் கொண்டார்கள். புகைபோக்கிக்கும் கூலி கொடுக்க வேண்டியிருக்கிறது. கொடியடுப்பை வகுத்த நம் முன்னோர் இதை எப்படியோ அறிந்திருந்தார்கள். முதல் அடுப்பில் சோறு கொதிக்க, மிச்சச் சூட்டில் கொடியில் இரசம் காயும்; அதற்குமேல் இன்னொரு கண் வைக்க அவர்கள் ஆசைப்படவில்லை.

கூலி குறைந்தால் வருவது புகை மட்டுமன்று. விறகு முழுதும் எரியாதபோது அதிலிருந்து எழும் தார் ஆவி குழாயின் குளிர்ந்த சுவரில் நீராவியோடு சேர்ந்து படிகிறது. கிரியோசோட் என்பார்கள். முதலில் ஒட்டடைபோல் இருக்கும், துடைத்தால் வந்துவிடும். பிறகு கரடுமுரடாகச் செதில் கட்டும். அதற்கும் பிறகு கருங்கண்ணாடிபோல் பளபளவென்று இறுகிக்கொள்ளும். அந்த நிலையில் தூரிகைக்கு அடங்காது. ஒருநாள் தீ சற்று ஓங்கி எரிந்தால் போதும், உள்ளே படிந்ததெல்லாம் பற்றிக்கொள்ளும். இரயில் வண்டி போவதுபோல் இரைச்சல் கேட்கும் என்று பட்டவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் உயர்வெப்பத்துக்கென்று செய்த புகைபோக்கிக் குழாயைச் சோதிக்கும்போது ஏறத்தாழ 1,150 டிகிரியில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை வாட்டித்தான் தேர்ச்சி கொடுக்கிறார்கள். உள்ளே பற்றும் தீ எப்படிப்பட்டது என்பதை இதிலிருந்து ஊகித்துக் கொள்ளலாம்.

1973இல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பலர் விறகடுப்புக்குத் திரும்பினார்கள். காற்றுப் புகாத புதுவகை அடுப்புகள் வந்தன. இரவு படுக்கும்முன் விறகை நிரப்பிக் காற்றை அடைத்துவிட்டால் விடியும்வரை கங்கு கனன்றுகொண்டிருக்கும். அடுப்பைத் தொட்டால் சூடு, குழாயோ குளிர்ச்சி. தாருக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேண்டுமா? புகைபோக்கித் தீ பெருகிற்று. குழாயில் ஒட்டும் வெப்பமானியை வீட்டுக்காரர்கள் தேடிப்போனது இந்தப் பட்டறிவுக்குப் பிறகே. 1988இல் அந்நாட்டு அரசு விறகடுப்புப் புகைக்குச் சட்ட வரம்பு விதித்தது.

புகைக்கரியின் தீமை இதற்கும் முந்தியது. 1775ஆம் ஆண்டு இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களுக்குப் பிற்காலத்தில் வரும் புற்றுநோய்க்கு உடலில் ஒட்டிய கரியே காரணம் என்று எழுதினார். ஒரு தொழிலால் ஒரு புற்றுநோய் வருகிறது என்று காட்டிய முதல் எழுத்து அது. அவர் எழுதிய பிறகும் இங்கிலாந்தில் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றும் கொடுமை உள்ளபடியே ஒழிய 1875ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஐதராபாத்தில் பொறியாளராக இருந்த எஸ். பி. ராஜு என்பவர் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு ஒன்றை அமைத்து, அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல் 1953இல் நம் சென்னையில்தான் அச்சாகி வெளிவந்தது. கோடிக்கணக்கான ஏழைப் பெண்களின் அடுக்களையைப் புகையிலிருந்து மீட்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அடுத்த தலைமுறையில், 1983இல், மத்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2002 வாக்கில் அது கைவிடப்படுவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுத்ததாகக் கணக்கு. எத்தனை அடுப்பு கட்டினோம் என்று எண்ணினார்கள். எத்தனை புகைபோக்கி ஓராண்டு கழித்தும் இழுக்கிறது என்று எண்ணுவதற்கு அந்தக் கணக்கில் இடமில்லாமல் போயிற்று.

ஒடிசா மாநிலத்தின் சிற்றூர்களில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளைக் கட்டிக் கொடுத்து, ஏறத்தாழ 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. ரேமா ஹன்னா, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவர் எழுதியது. முதல் ஆண்டில் சமைக்கும் பெண்கள் உள்ளிழுக்கும் புகை குறைந்தது. இரண்டாம் ஆண்டிலேயே அந்த நன்மை மறைந்துவிட்டது. அடுப்பைச் சரிவரப் பயன்படுத்தவில்லை, பழுது பார்க்கவில்லை, அதனால் வந்த விளைவு என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஆய்வின் முடிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுப் "பராமரிக்கத் தெரியாத பெண்கள்" என்று பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. குழாயின் உட்புறத்தை யார் கண்டார்கள்? வாரம் ஒரு மயிரிழை கனத்துக்குத் தார் ஏறுவதை எந்தக் கண்ணால் பார்ப்பது? புகை அடுக்களைக்குள் திரும்பி வந்து கண்ணைக் கரிக்கும்போதுதான் அவளுக்குச் செய்தி தெரிகிறது. அதற்குள் குழாய் பாதி அடைந்திருக்கும். வண்டியில் எண்ணெய்முள் வைக்காமல் கொடுத்துவிட்டு, வழியில் நின்றுபோனால் ஓட்டுபவரைக் குறை சொல்வது என்ன முறை?

இதோடு ஒரு தொழிற்சாலையை ஒப்பிட்டுப் பாருங்கள். விறகு எரிக்கும் கொதிகலன் வைத்த ஆலைகளில் புகைக்கூண்டின் சூட்டைக் காட்டும் முள் ஒன்று இருக்கும். அதைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவது கொதிகலன்காரரின் வேலை. புகையின் சூடு 22 டிகிரி குறைந்தால் எரிபொருள் திறன் ஏறத்தாழ ஒரு விழுக்காடு உயர்கிறது என்பது அத்துறையில் எல்லாரும் கையாளும் கணக்கு. ஒரு விழுக்காடு விறகு முதலாளிக்குப் பணம், எனவே அளக்கிறார்கள். சமைக்கிறவரின் நுரையீரலுக்கு அப்படி ஒரு முள் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சரி, வீட்டுக்கு வீடு வெளிநாட்டு வெப்பமானி வாங்கி ஒட்ட முடியுமா? முடியாது, வேண்டியதும் இல்லை என்று நினைக்கிறேன். நம் பெண்களிடம் ஏற்கெனவே ஒரு வெப்பமானி இருக்கிறது. தோசைக்கல் காய்ந்ததா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? நாலு துளி தண்ணீர் தெளிக்கிறார்கள். துளி நனைத்துக்கொண்டு மெல்லக் காய்ந்தால் கல்லின் சூடு 100 டிகிரிக்குக் கீழே. 'சுர்'ரென்று இரைந்து மறைந்தால் 100க்கு மேலே. நீர் முத்துமுத்தாக உருண்டு துள்ளி ஓடினால் ஏறக்குறைய 200ஐத் தாண்டிவிட்டது. துளிக்கு அடியில் நீராவி மெத்தைபோல் நின்று தாங்குவதால் அது உடனே ஆவியாவதில்லை. இதை 1756இல் விளக்கி எழுதிய லைடன்பிராஸ்ட் என்ற செர்மானியரின் பெயரால் அந்த நிகழ்ச்சியை இன்று வகுப்பில் படிக்கிறோம். நனைதல், சுரீரிடுதல், துள்ளுதல் ஆகிய இம்மூன்றும் அந்த வெளிநாட்டுத் தட்டின் மூன்று வண்ணங்களோடு எவ்வளவு நெருங்கி வருகின்றன பாருங்கள்! துல்லியம் போதாதுதான். ஆனால் சமைப்பவருக்குத் தேவை துல்லியமன்று. நேற்றைக்கு இன்று என்ன ஆயிற்று என்ற செய்தி.

தடை ஒன்றுண்டு. நம் அடுப்புகளுக்குப் பெரும்பாலும் கல்நார் சிமெண்டுக் குழாயோ மண்குழாயோதான் வைக்கிறார்கள். அவற்றில் தெளித்தால் நீர் உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே அடுப்புக்கு மேலே முதல் ஒன்றரை அடிக்காவது இரும்புக் குழாய் வேண்டும். அடுப்பு கட்டித் தரும் திட்டம் இனி எது வந்தாலும் இந்த ஒன்றரை அடி இரும்பை அதில் சேர்க்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

வெளிநாட்டு எண்களை அப்படியே நம் சமையலடுப்புக்குப் பொருத்தவும் கூடாது. பானை சூட்டை வாங்கிக்கொள்வதால் நம் குழாய் இயல்பிலேயே குளிர்ந்திருக்கும். ஒவ்வோர் அடுப்புக்கும் அதன் எண்ணை அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். குழாயை நன்றாகத் துடைத்த மறுநாளிலிருந்து, உலர்ந்த விறகை வைத்து ஒரு வாரம் பார்த்தால் வழக்கமான சூடு எது என்பது தெரிந்துவிடும். அதன்பின் அதே விறகு, அதே பானை, சூடு மட்டும் நாளுக்கு நாள் இறங்கினால் குழாய் அடைபடுகிறது. திடீரென்று இறங்கினால் பச்சை விறகு வந்திருக்கிறது. வழக்கத்துக்கு மேல் ஏறினால் பானையின் அடியில் கரி கனத்துவிட்டது, அல்லது காற்று மிகுதி, விறகு வீணாகிறது. நாடி பார்ப்பது என்று தலைப்பில் சொன்னது இதைத்தான்.

எங்கள் விடுதிச் சமையற்கூடத்தில் இரண்டு பெரிய விறகடுப்புகள் உள்ளன. அங்கே சமைக்கும் அக்காவிடம் இதைச் சொன்னபோது, "இழுக்குதா இல்லையான்னு எனக்கு மூக்கே சொல்லும் தம்பி. ஆனா மூக்கு சொல்றப்ப நேரம் கடந்து போயிடுது" என்றார். நான் இரண்டு பக்கம் எழுதியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார். மழைக்காலத்தில் விறகு நனைந்து வரும் வாரங்களில் அவர் இருமிக்கொண்டே எங்களுக்குச் சோறு போடுகிறார் என்பதை உண்பவர் எல்லாரும் அறிவோம்.

நம் இயற்பியல் ஆய்வகத்தில் வெப்ப மின்னிரட்டையும் மின்னளவியும் இருக்கின்றன. பேராசிரியப் பெருமக்கள் இசைந்தால் வரும் பருவத்தில் அந்த இரண்டு குழாய்களிலும் அளந்து பார்க்கலாம். காலை, நண்பகல், மாலை என்று நாளுக்கு மூன்று முறை சூடு, விறகின் வகை, குழாய் துடைத்த நாள் இவ்வளவும் எழுதினால் போதும். கூடவே துளி தெளித்துப் பார்த்து, தோசைக்கல் முறை மின்னளவியோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்றும் குறித்துக்கொள்ளலாம். ஒத்துப்போனால் அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஊராருக்குச் சொல்ல நம்மிடம் சொந்த எண்கள் இருக்கும். குறிப்பேடு அடுப்படியிலேயே தொங்கட்டும், அக்காவே எழுதட்டும். வாரம் ஒரு முறை நாங்கள் போய்ப் படிக்கிறோம். முள் இறங்கியிருந்தால் கயிறும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏற மூன்றாம் ஆண்டு வகுப்பில் நான்கு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறோம்.